காவித் தண்ணீர்

எங்கள் பின்முற்றம் மேடு, வீடு பள்ளம். மேட்டில் விழும் மழையை, பூமிக்கடியில் ஒரு பழைய மண்குழாய் வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் ஓடையில் விடும் என்று சொல்லித்தான் இந்த வீட்டை எங்கள் தலையில் கட்டினார்கள். எழுபத்தெட்டு ஐப்பசியில் அது அடைத்துக்கொண்டது. முற்றத்துத் தண்ணீரில் பின்சுவர் ஊறி வயிறு தள்ளியது. அந்தச் சுவரோரம்தான் என் கைக்குழந்தை அமுதாவின் தூளி. தூளி கட்ட வேறு உத்தரம் கிடையாது. என் வீட்டுக்காரரோ "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஹோட்டல் வேலைக்குப் போவதில் கெட்டிக்காரர். ஆத்திரம் தாங்காமல் நானே குழாய் அடைப்பு எடுக்கும் செம்மநத்தம் பொன்னுவேலைக் கூட்டிவந்தேன்.

அவர் தன் மச்சான் சின்னனைக் கீழே ஓடைக்கு அனுப்பினார். மேலே காவி கரைத்து ஊற்றுவோம். சிவப்புத் தண்ணீர் கீழே வந்ததும் சின்னன் குழாய்க்குள்ளேயே குரல் கொடுக்க வேண்டும். அன்றைய பனிமூட்டத்தில் கை காட்டினால் தெரியாது; ஓடை இரைச்சலில் வெளியே கத்தினால் கேட்காது.

குழாய் வாயைச் சுற்றி மண் அணைத்து, தண்ணீரை இறைத்தோம். பொன்னுவேல் மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினார். குழாய் 'மடக்'கென்று எதையோ விழுங்கியது. நான் ஒரு குடம் காவித் தண்ணீர் ஊற்றினேன்.

"வரலீங்க. இன்னும் ஊத்துங்க" என்றது குழாய்க்குள்ளிருந்து ஒரு தன்மையான குரல்.

ஊற்றினேன்.

"இன்னுங் கொஞ்சம்."

காவி முழுவதையும் கொட்டி, அணையையும் வெட்டிவிட்டோம். முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் சுழித்து இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"உங்க மச்சானுக்கு இன்னும் பத்தலையாமா?" என்று கேலி செய்தேன்.

பொன்னுவேல் சிரிக்கவில்லை. "அங்க வராம இவ்வளவு தண்ணி எங்கீங்க போவுது?"

அப்போது சின்னன் வாசல் வழியே வந்தான். "மாமா, ஓடைல மண்ணு சரிஞ்சு கொழா வாயே தெரியல. இத்தன நேரம் தேடிட்டுக் கெடந்தேன். கடப்பாரை குடுங்க."

"அப்ப கொரல் குடுத்தது?" என்றேன்.

"நான் எங்கீங்க குடுத்தேன்?"

பொன்னுவேல் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "கொழந்தை எங்கீங்க?"

ஓடினேன். தூளிக்கு நேர் கீழே சிமெண்டுத் தரை விரிசலில் சிவப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குழாய் வீட்டைச் சுற்றிப் போகவே இல்லை. அடியிலேயே போய் உடைந்திருக்கிறது. பொன்னுவேல் நிலைப்படியிலிருந்து கடப்பாரையால் தரையைத் தட்டினார். காலிப் பீப்பாய் மாதிரி சத்தம் வந்தது.

"கால வெக்காதீங்க" என்றார்.

வைத்தேன். என் பிள்ளை தூங்கும் இடத்து மண்ணை என் கையாலேயே குடம் குடமாகக் கரைத்திருக்கிறேன். சுவரை ஒட்டி நடந்து, அமுதாவை அள்ளிக்கொண்டு நிலைப்படி தாண்டினேன்.

பின்னால் தரை சத்தமில்லாமல் உள்ளே போனது. கீழே எதிலும் மோதிய ஓசைகூட எழவில்லை. தூளி மட்டும் அந்தப் பள்ளத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

பள்ளத்துக்குள்ளிருந்து அதே தன்மையான குரல் கேட்டது:

"ஏனுங்க, நிறுத்திட்டீங்க?"