அரைமணிக் கூட்டம்

மாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு பேருந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு பெண்மணி. பதினோரு வருடமாக அதே பள்ளியின் வேனை ஓட்டுகிறவர். எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. பேருந்துக்குப் பின்னால் நான்கு இரும்புப் பீப்பாய்களைச் சதுரமாக வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின் அருகில் அவருடைய கணவர் நின்றிருந்தார்.

நின்றிருந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உடம்பு அங்கே இருந்தது. காதில் இயர்போன், கையில் போன், மனசு ஏழு கோட்டையில்.

ஏழு கோட்டை என்பது ஊரே விளையாடும் ஒரு இணைய விளையாட்டு. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, முகம் தெரியாத இருபது பேர் ஒன்று சேர்ந்து போர் செய்யலாம். கணவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவர். விளையாட்டில் அவர் வைத்தியர். கூட்டாளிகளுக்கு அடிபட்டால் மந்திர மருந்து கொடுத்து எழுப்புவது அவர் வேலை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு ஓடும். அடிபட அடிபட அது குறைந்து சிவப்பாகும். இருபது கோடுகளையும் அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எட்டு மாதமாக விளையாடியும் எதிரே நிற்கிற அரக்கனுக்கு எத்தனை தலை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அண்ணாந்து பார்க்க நேரம் இருந்தால்தானே.

அவர் சேர்ந்திருந்த கூட்டத்தின் பெயர் அரைமணிக் கூட்டம். எல்லோருமே வேலை வெட்டி உள்ளவர்கள். ராப்பகலாக விளையாடுகிறவர்களைப் பார்த்தால் இவர்களுக்கு இளக்காரம். "நாமெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு, தினம் அரைமணி நேரம், அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் கூட்டம் சேர்த்தார்கள். அந்த அரைமணி ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவிக்கோ அந்த வாரம் வாழ்வா சாவா என்று இருந்தது. பள்ளி நிர்வாகம் வேன்களை நிறுத்திவிட்டு ஒரே பேருந்தாக விடப்போகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்கும் தேர்வில் பஸ் லைசென்ஸ் வாங்கினால் அவர்தான் ஓட்டுநர். இல்லாவிட்டால் வேறு ஆள். அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. பள்ளி அதுவரை காத்திருக்காது. முன்னால் ஓட்டுவதில் அவரை அசைக்க முடியாது. பின்னால் எடுத்து நான்கு பீப்பாய்களுக்கு நடுவே நிறுத்துவதுதான் ஒரு மாதமாகக் கைக்கு அடங்கவில்லை. அதனால்தான் கணவரைக் கூப்பிட்டார். கை தூக்கினால் வரலாம், கை இறக்கினால் நிற்க வேண்டும். இதுதான் இருவருக்கும் ஏற்பாடு. கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு அவரும் தினம் தவறாமல் வந்தார். வந்தார் என்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பேருந்து மெல்லப் பின்னால் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஏழு கோட்டை விளையாட்டில் ஆறாம் கோட்டைக் காவலன் விழுந்தான். இரண்டு வாரமாகப் போக்குக் காட்டியவன். வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தார்.

மனைவி பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு கை இல்லை, இரண்டு கையும் மேலே இருந்தன. நிறைய இடம் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை நன்றாகவே மிதித்தார்.

பீப்பாய் பெரும் சத்தத்தோடு சாய்ந்து உருண்டது. கணவர் ஒரு பக்கம் விழுந்தார், போன் இன்னொரு பக்கம் விழுந்தது. சத்தம் கேட்டு மனைவி பிரேக்கை அழுத்தியபோது பேருந்தின் பின்புறம் கணவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஓடி வந்த மனைவிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கணவர் எழுந்து உட்கார்ந்தார். அடி எதுவும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "போன் எங்க?"

மனைவி போய்ப் போனை எடுத்து வந்தார். இயர்போன் கழன்றுவிட்டதால் அதற்குள்ளிருந்து குரல்கள் வெளியே கேட்டுக்கொண்டிருந்தன. "வைத்தியரே, எங்க போனீங்க? இன்னொரு காவலன் வந்துட்டான். கோடாலி செத்துட்டாரு."

"இந்தாங்க, உங்களைத்தான் தேடறாங்க" என்று மனைவி போனை நீட்டினார். "யாரோ கோடாலி செத்துட்டாராம்."

"ஐயோ, அது வந்து..."

"இன்னும் ஒரு அடி வந்திருந்தா உங்களை நானே ஏத்திக் கொன்னிருப்பேங்க. என் கையால. அதுக்கப்புறம் நான் வேன் என்ன, சைக்கிள்கூடத் தொட்டிருக்க மாட்டேன்." குரல் உடைந்தது. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். நான் தனியாவே பாத்துக்கறேன்."

திட்டியிருந்தால் அவருக்கு உறைத்திருக்காது, எட்டு மாதத்தில் அது பழகிப்போயிருந்தது. வர வேண்டாம் என்றது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தலைவலி என்றார். நம்மவர் வழக்கம்போல அவரை எதிரே உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, குனிந்து முகத்தைக் கவனித்தார். வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. அதனால் கண்ணாடி சாய்ந்து உட்கார்கிறது. நேராகப் பார்க்க அந்த அம்மாள் நாள் முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியின் ஒரு காலை லேசாக வளைத்துக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை.

"மூணு கடை ஏறி இறங்கிட்டேன் தம்பி. எல்லாரும் கண்ணாடியைத்தான் பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் என் மூஞ்சியைப் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார்.

அவர் போன பிறகும் நம்மவர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து. ஒரு மாதமாக மனைவி கழுத்தில் களிம்பு தடவிக்கொண்டிருக்கிறார். ஏதோ சொல்லவும் சொன்னார். தான் அதற்கு 'உம்' போட்டது நினைவுக்கு வந்தது. என்ன சொன்னார் என்பது நினைவுக்கு வரவில்லை. முகம் தெரியாத இருபது பேருக்கு நகத்தில் கீறல் விழுந்தால்கூடத் தெரிந்துகொள்கிறவர், ஒரே வீட்டில் ஒரு மாதமாக வலிப்பதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் கூட்டத்தாரிடம் பேசினார். நேற்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "இன்னைக்கு வரல. நாளைக்கும் இல்ல. சனிக்கிழமையும் வரமாட்டேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். காரணம் இருந்தது. அதே சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் ஏழாம் கோட்டைப் போர். இரண்டு மாதமாக அதற்காகவே தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"இருபது பேரை இப்படி நட்டாத்துல விடறீங்களே" என்றார் கோடாலி. லிஃப்ட் பழுது பார்க்கிறவர், விளையாட்டில் முன்வரிசை வீரர். "வைத்தியர் இல்லாம நாங்க அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டோம்."

கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவர். எத்தனை பேர் கத்தினாலும் குரல் உயர்த்திப் பேசி அறியாதவர். "நீங்க போங்க வைத்தியரே" என்றார். "நாங்க செத்தா மறுபடி எழுந்துக்கலாம். அங்க அப்படி முடியாது."

போனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு அவர் மைதானத்துக்குப் போனார். மனைவி ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். இவரைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

"நான் பின்னால நிக்க வரல" என்றார் இவர், படியில் ஏறிக்கொண்டே. "உன்னைப் பாக்க வந்தேன்."

"என்னைப் பாக்கவா? கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"நேரா பாரு. இப்போ பின்னால எடுக்கறதா நெனச்சுக்கிட்டு இடது கண்ணாடியைப் பாரு."

கணவர் கேலி செய்யவில்லை என்று தெரிந்ததும் மனைவி பார்த்தார். இவர் கடையில் செய்வதைப்போலவே குனிந்து முகத்தைக் கவனித்தார். மோவாய் மேலே போனது, கழுத்து நீண்டது, குதிகால் தரையை விட்டு எழும்பியது. இருக்கையும் கண்ணாடியும் நெட்டையான யாருக்கோ வைத்த அளவில் அப்படியே இருந்தன. மனைவியோ வீட்டில் மேல்தட்டு டப்பாவை எடுக்க முக்காலி தேடுகிறவர்.

"கண்ணாடியில உனக்கு என்ன தெரியுது?"

"நீங்க கை தூக்கறது தெரியுது. வானம் தெரியுது."

"சக்கரம்?"

"அது எங்க தெரியுது? அதைத்தானே ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன். சீட்டை ஏத்தற கம்பி அசைய மாட்டேங்குது, கண்ணாடி திருகு இறுகிக் கெடக்கு, ஏதாச்சும் பண்ணுங்கன்னு. நீங்க உம் உம்னீங்க. சரி, பாத்துட்டு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பள்ளி அலுவலகத்தில் கெஞ்சி ஒரு தடித்த மெத்தை வாங்கிவந்து இருக்கையில் போட்டார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னத் திருப்புளியை வைத்துப் பக்கக் கண்ணாடியோடு மல்லுக்கட்டி, இரண்டு விரல் அளவு கீழே சாய்த்தார். "இப்போ பாரு."

மனைவி பார்த்தார். கழுத்து நீளவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சக்கரம் தெரியுதுங்க" என்றார். "கோடும் தெரியுது. பீப்பாய்க்கு அடியில யாரோ பிஸ்கட் காகிதம் போட்டிருக்காங்க, அதுகூடத் தெரியுது."

அன்று முதல் முயற்சியில் ஒரு பீப்பாய் உரசியது. இரண்டாவதில் எதுவும் உரசவில்லை. மூன்றாவதில் மனைவி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நிறுத்தினார். இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் இவ்வளவு சந்தோஷம் எந்தக் கோட்டையிலும் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை தேர்வுக்குப் பள்ளிப் பேருந்தையே கொண்டுபோனார்கள். தேர்வு அதிகாரி சிரித்துப் பல வருடம் ஆனவர் போலிருந்தார். உடன் வந்தவர்கள் யாரும் உள்ளே நிற்கக் கூடாது என்று துரத்தினார். கணவர் கேட்டுக்கு வெளியே போய், இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். எந்தக் கை எப்போது மேலே போகும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

பேருந்து பின்னால் வந்தது. நின்றது. கொஞ்சம் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வந்தது. தேர்வுத் திடலில் நட்டிருந்த நான்கு கம்பங்களுக்கும் நடுவே, டிபன் டப்பாவுக்கு மூடி போட்டதுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. அதிகாரி சுற்றி நடந்து பார்த்தார். குறை கண்டுபிடிக்க முடியாத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"எத்தனை வருஷமா பஸ் ஓட்டறீங்க?" என்று கேட்டார்.

"நாலு நாளா சார்" என்றார் மனைவி.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை, "உங்க ஆளுங்க காத்திருப்பாங்க, போய்ச் சொல்லுங்க" என்று மனைவியே போனை எடுத்துக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அரைமணிக் கூட்டம் முழுவதும் ஆரவாரம் செய்தது. முகம் தெரியாத ஒரு பெண்மணி பாஸானதற்கு இருபது பேர் வாள்களைத் தட்டி வாழ்த்தினார்கள்.

"உங்க போர் என்ன ஆச்சு?" என்று கேட்டார் கணவர்.

"நாலு நிமிஷம்" என்றார் கோடாலி பெருமையாக. "அதுல ஒரு நிமிஷம் ஓடினதுலயே போச்சு. இப்படி ஒரு அடி நாங்க வாங்கினதே இல்ல. சிரிச்சு சிரிச்சு வயிறு வலி."

தலைவி, "அம்மா, நீங்க ஏதாவது பேசுங்க" என்றார். கணவர் போனை நீட்ட, மனைவி கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டார்.

"இனிமே வைத்தியரை விளையாட விடமாட்டீங்களா?" என்று கோடாலி கவலையோடு கேட்டார்.

"ஏன் விடாம? நாள் முழுக்க உழைக்கிறவருக்கு ஒரு விளையாட்டு வேண்டாமா? தாராளமா விளையாடட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்." மனைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அன்னைக்கு இவர் வரவே மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் பயந்து பயந்து, இறங்கி இறங்கிப் பாத்து ஓட்டியிருப்பேன். ஒண்ணும் ஆகியிருக்காது. வந்து நின்னாரு பாருங்க, அதை நம்பித்தான் மிதிச்சேன். வராதவங்களால ஆபத்து இல்ல. வந்து பக்கத்துல நின்னுக்கிட்டு மனசை வேற எங்கேயோ வச்சிருக்கறவங்களாலதான் ஆபத்து. விளையாடும்போது விளையாடுங்க. ஒருத்தர்கூட இருக்கும்போது முழுசா இருங்க."

மனைவி போனைத் தட்டிப் பார்த்தார், இணைப்பு போய்விட்டதோ என்று.

முதலில் கோடாலிதான் பேசினார். "எங்க வீட்ல அவ ரெண்டு வாரமா அலமாரிக் கதவு கழண்டிருக்குன்னு சொல்லிட்டே இருக்கா. பத்து மாடி லிஃப்டையே தூக்கி நிறுத்தறவன் நான். கெளம்பறேன்."

"என் பையன் ஏதோ படம் வரைஞ்சு பக்கத்துலயே நிக்கிறான்" என்றது இன்னொரு குரல். அதுவும் போனது. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சிலர் காரணம் சொன்னார்கள், சிலர் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா போனார்கள். கடைசியில் தலைவி மட்டும் மிச்சமிருந்தார்.

"பக்கத்து ரூம்லேர்ந்து எங்கப்பா மூணு தடவை கூப்பிட்டுட்டாரும்மா" என்றார் அவர். "நானும் இங்க உக்காந்தபடியே மூணு தடவை 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டேன். இப்போ நெஜமாவே போறேன்."