பிந்தி வந்த சிரிப்பு

குளிப்பாட்டிக் கிடத்திய அப்பாவின் நெற்றியில் ரேணுகா திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. நிமிர்ந்தாள். சாமந்தி மாலையும் மடக்கிய குடையுமாக ஓர் அம்மாள் கேட் அருகே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. ஸ்வெட்டரெல்லாம் தூறல்.

"யாரு கண்ணு அது?" என்றாள் அத்தை புஷ்பவல்லி.

ரேணுகா அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

அப்பா சிவகுரு அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு குன்னூர் வீட்டில் ஒண்டியாகவே இருந்தார். நேற்று நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழவில்லை. போன மாதம்தான் திருப்பூரில் இருக்கும் ரேணுகாவுக்குப் போன் போட்டு, லைப்ரரியில் போட்ட ஒரு பாலஸ்தீனப் படம் பார்த்த கதையைச் சொன்னார். வயசான ஒருத்தனுக்கு ஒருத்தி மேல் ஆசை வந்து, அதைச் சொல்லத் தெரியாமல் முழிக்கிறானாம்.

"கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுது கண்ணு. அத நான் எங்க படிக்கறது? செலஸ்டின்தான் காதுல தமிழ்ல சொல்லிட்டே வந்தாங்க. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் நான் ஒருத்தன் சிரிக்கறேன். அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க."

"செலஸ்டின் யாருங்கப்பா?"

அப்பா இருமினார். "பேக்கரி வெச்சிருக்காங்க. நாங்க ஒரு முடிவு பண்ணியிருக்கறோம். நீ வந்தா நேர்ல சொல்லலாம்னு…"

"பசங்க பரீட்ச முடியட்டுங்கப்பா," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது எழுந்து கேட்டுக்குப் போனாள். "உள்ள வாங்க."

"இல்லம்மா. மாலையப் போட்டுட்டு இப்படியே போயிடறேன்."

"அப்பா உங்களப் பத்திச் சொன்னாருங்க."

"என்னன்னு?"

"படத்துக்குப் போனத."

செலஸ்டினின் வாயோரம் துடித்தது. "என் மானத்த வாங்கிட்டாரு அன்னைக்கு," என்றார்.

செலஸ்டின் உள்ளே வந்து மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார். வாய்க்கரிசிக்கு நேரமானது. அத்தை முறத்தோடு வரிசையாக வந்தவள், செலஸ்டினைத் தாண்டிப் போனாள்.

"அவங்களுக்கும் குடுங்கத்தை."

"சொந்தக்காரங்க போடறது கண்ணு அது."

"தெரியுமுங்க." ரேணுகாவே முறத்திலிருந்து ஒரு கை அள்ளி, செலஸ்டினின் உள்ளங்கையில் போட்டாள்.

அவர் குனிந்து போட்ட அரிசி பாதி அப்பாவின் உதட்டிலும் பாதி மீசையிலும் விழுந்தது. செலஸ்டின் யோசிக்கவேயில்லை. சாப்பிடும்போது ஒட்டிக்கொண்டதைத் தட்டிவிடுகிற மாதிரி, சுட்டுவிரலால் மீசையை நீவிவிட்டார். பிறகுதான் சுற்றிலும் ஆட்கள் நிற்பது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

அத்தை அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல முறத்தில் இருந்த அரிசியை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே அமரர் ஊர்தியின் பின்கதவைத் திறந்தார்கள்.