எந்தச் சங்கிலி?

மனிதன் பேசத் தொடங்கியதே ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான். இது கனி, அது காய். இது கயிறு, அது பாம்பு. அடைமொழி என்ற ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் மனித குலம் இருட்டில் தடவிக்கொண்டே அழிந்திருக்கும். அப்பேர்ப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் நாங்கள் செய்வதெல்லாம் ஒரு சங்கிலியை இன்னொரு சங்கிலியிலிருந்து பிரிப்பதுதான்.

குலசாமி பேர் அது. தலைப்பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்பதால் வீட்டுக்கு ஒரு சங்கிலி உண்டு. பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் கட்டுபவர் மோட்டார் சங்கிலி. மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் லோயர் கேம்ப் சங்கிலி. நிலைப்படியில் தலை இடிப்பவர் நெட்டச் சங்கிலி. அடைமொழியை ஊர்தான் கொடுக்கவேண்டும். தானாக எடுத்து மாட்டிக்கொண்டால் ஒட்டாது.

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நம்முடைய சங்கிலிக்கு ஊர் எதையும் கொடுக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அவருடைய எதிர்வீட்டுச் சங்கிலியை ஊர் ‘நல்ல சங்கிலி’ என்றது. யாராவது நம்மவரைக் குறிப்பிட நேர்ந்தால், “எந்தச் சங்கிலி?” என்று கேள்வி வரும். “நல்ல சங்கிலி இல்லப்பா, எதுத்த வீடு” என்று பதில் வரும்.

இந்தப் பதிலைக் காதால் கேட்ட நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

“அவன் அப்படி என்னத்தப் பண்ணிப்புட்டான்?” என்று மனைவி ஜக்கம்மாவிடம் கேட்பார். “வாய்க்கா தண்ணி மொறைய அடுத்தவனுக்கு விட்டுக் குடுத்தானாம். தூக்கம் வந்திருக்கும், விட்டுக் குடுத்திருப்பான். இதுல என்ன நல்லது?”

“நீங்களுந்தேன் ஒருதரம் தூங்கிப் பாருங்க” என்பாள் ஜக்கம்மா.

அவரும் முயன்று பார்த்தார். மருந்தடிக்கிற மெஷினை ஒருவனுக்கு இரவல் கொடுத்துவிட்டு, அவன் டீக்கடையில் என்ன சொல்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். “மெஷின் வேணும்னு நல்ல சங்கிலிட்டக் கேட்டேன். எதுத்த வீட்டுல இருக்கு, போய் வாங்கிக்கன்னு வழி சொன்னாக. தங்கமான மனுசன்” என்றான் அவன்.

பிறகு வீட்டு முகப்பில் வளைவு கட்டி, கருங்கல்லில் ‘திராட்சைச் செம்மல் சங்கிலி இல்லம்’ என்று வெட்டி வைத்தார். டீக்கடை கருத்தக்கண்ணனிடம், “இனிமே அப்படியே கூப்புடலாம்ல?” என்று கேட்டும் பார்த்தார்.

“கூப்புடலாம்ணே. நீளமா இருக்கு, அதுக்குள்ள டீ ஆறிப்போகும்” என்றான் கருத்தக்கண்ணன்.

இந்த நிலையில்தான் மகள் வேல்விழிக்குப் போடியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை திலீபன், பாங்கு வேலை. அவனுடைய அப்பா சுந்தரலிங்கம் போனில் பேசினார்.

“ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாரோம். ஒங்க ஊருல சங்கிலிக நெறையாப் பேராமே. எந்தச் சங்கிலின்னு விசாரிக்க?”

நம்மவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஜக்கம்மா அடுப்படியில் இருந்தாள். எதிர்வீட்டு வாசலில் யாரும் இல்லை. அரைக்குரலில், “நல்ல சங்கிலின்னு கேளுங்க” என்றார். அந்தப் பக்கம் சுந்தரலிங்கம் மரியாதையாக ஒரு “ஓ” போட்டார். நம்மவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

“லொகேசன அனுப்பி விடுங்கப்பா” என்றாள் வேல்விழி.

“பேரு இல்லாதவனுக்குத்தேன் லொகேசன்.”

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டி, கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் தயார். வளைவுக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். கார் டீக்கடையில் நின்றது. கருத்தக்கண்ணன் கையை நீட்டி வழி காட்டினான். கார் தெருவுக்குள் வந்து, அவரைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் நின்றது.

நல்ல சங்கிலி பனியனோடு வெளியே வந்து, வந்தவர்கள் யார் என்று தெரியாமலேயே, “வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீக” என்றார். முற்றத்துக் கட்டிலிலும் நாற்காலியிலும் உட்கார வைத்தார். மோர் வந்தது. பணியாரம் வந்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று நம்மவர் ஒவ்வொரு பணியாரமாகப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது அவர் நெஞ்சில் போய் விழுந்தது.

“போய்க் கூட்டிட்டு வாங்களேன். இப்படி மரமா நின்டா?” என்றாள் ஜக்கம்மா.

எப்படிப் போவது? போனால், அந்த ஆளுக்கு முன்னாலேயே ‘நான்தான் நல்ல சங்கிலி’ என்று சொல்லவேண்டிவரும்.

“அவுகளா வருவாக” என்றார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் எடுத்த எடுப்பில் பெண்ணைக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் சுந்தரலிங்கம் மழையைப் பற்றிப் பேசினார். பெரியாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி என்பதைப் பற்றிப் பேசினார். வந்தவர்கள் பழம் வாங்க வந்த வியாபாரிகள் என்று நினைத்து நல்ல சங்கிலியும் சளைக்காமல் பேசினார். பேச்சு வற்றிய பிறகுதான் சுந்தரலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“சரி, பிள்ளைய வரச் சொல்லுங்க.”

“பய கோயமுத்தூருல இருக்கானே. என்ன விசயம்?”

சுந்தரலிங்கம் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்ல சங்கிலி வீடுதான இது? போன்ல அவுகளே சொன்னாகளே” என்றார் சுந்தரலிங்கம்.

நல்ல சங்கிலி தெருவைப் பார்த்தார். அங்கே பட்டு வேட்டி கட்டிய ஒருவர் தன் வீட்டு வளைவில் விரிசல் இருக்கிறதா என்று மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல சங்கிலிக்குப் புரிந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, அவரே எல்லாரையும் எதிரே கூட்டிவந்தார்.

“அண்ணே, ஒங்களத் தேடி வந்தவுக. பயலுக கேலிக்கு என்னய அப்படிச் சொல்லி வச்சிருக்காய்ங்க. அந்தப் பேரு ஒங்களுக்குத்தேன். கடையில தப்பா கைகாட்டிட்டாய்ங்க.”

கேலி இல்லை, கைகாட்டியதும் தப்பில்லை என்பது நம்மவருக்குத் தெரியும். தன் மானத்தைக் காப்பாற்ற அந்த ஆள் ஒரு பொய்யைச் சொல்லி, இதிலும் நல்லவனாகிவிட்டான் என்பதுதான் தாங்கவில்லை. “வாங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

மற்றதெல்லாம் முறையாக நடந்தது. வேல்விழி காப்பி கொண்டுவந்தாள். திலீபன் நிமிர்ந்து பார்த்தான். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கேசரியை மட்டும் யாரும் தொடவில்லை. வயிற்றில் இடமில்லை என்றார்கள். தை மாதம் பரிசம் போடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது சுந்தரலிங்கம் நல்ல சங்கிலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்க நம்பரையும் குடுங்க. இந்தப் பக்கம் வந்தா ஒங்களப் பாக்காமப் போகமாட்டேன்.”

நம்பர் சொன்னார். சுந்தரலிங்கம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பேரைத் தட்டினார். ‘நல்ல சங்கிலி’ என்று ஏற்கெனவே ஒருவர் போனில் இருந்தார். கொஞ்சம் யோசித்தார். பழையதைத் திறந்து, அதில் எதையோ அழித்து, எதையோ சேர்த்தார்.

நம்மவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

சம்பந்தியின் போனில் அவர் பெயர் ‘சங்கிலி 2’.