அரைக் கோப்பை

என் கணவன் பிரேபனுக்கு எட்டு வருடமாகக் கை நடுக்கம். காபி ஊற்றினால் அவனுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவேன். நிறைய ஊற்றினால் மேசைவிரிப்புதான் குடிக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியில் அவன் மண்டையில் துளையிட்டு, மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை வைத்தார்கள். அவற்றுக்கு மின்சாரம் தரும் கருவி நெஞ்சுத் தோலுக்கு அடியில். ஆராய்ச்சி என்று கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டார்கள். கருவி ஆறு வாரம் ஓடும், ஆறு வாரம் ஓடாது. எந்த ஆறு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நல்ல கூத்து!

முதல் ஆறு வாரம் நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்த பாதி தொடங்கியதும் ஆளே மாறிப்போனான். தானே சவரம் செய்தான், சட்டைப் பொத்தான் போட்டான். நானும் அவன் கோப்பையை நிறைத்து ஊற்ற ஆரம்பித்தேன்.

"கரண்ட் ஓடுது கெர்டா! என் எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் நான்தான் காபி ஊத்துவேன், பாத்துக்கோ."

விருந்தாளி வந்தால் கையை மேசைக்கடியில் ஒளித்துவைத்துக்கொள்பவன் சொன்ன பேச்சு அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு நோயாளியின் மனைவி சொல்லியிருந்தாள்: "பழைய ரேடியோவ எந்த ஸ்டேஷனும் வராத எடத்துல திருப்பி, நெஞ்சுகிட்ட வச்சுப் பாரு. கருவி ஓடினா ஙொய்யினு கேக்கும்."

பிறந்தநாளுக்கு முந்தின மதியம் பிரேபன் நாற்காலியில் கண்ணயர்ந்தபோது வைத்துப் பார்த்தேன். வெறும் இரைச்சல். மூன்று முறை வைத்தேன், அதே இரைச்சல்.

கருவி ஓடவில்லை. அப்படியானால் அது ஓடியதெல்லாம் அவன் நடுங்கிய ஆறு வாரத்தில். இப்போது அவன் கையைப் பிடித்து நிறுத்துவது மின்சாரம் இல்லை, ஓடுகிறது என்ற நம்பிக்கை. அவனுக்குத் தெரிந்தால் எல்லாம் போச்சு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேனே, எனக்கு நன்றாக வேண்டும்! யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மேசையில், பிறந்தநாளென்றால் எங்கள் நாட்டில் வைக்கும் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைத் தேசியக் கொடிகள், அடுக்குக் கேக், சுற்றிப் பதினோரு பேர். பிரேபன் எழுந்து காபிக் கூஜாவைத் தூக்கினான்.

கோபன்ஹேகனிலிருந்து வந்த அவன் தம்பி ஐனர் சும்மா இருப்பானா? "பாத்துண்ணே, புது பேன்ட்டு! போன வருஷமே காபியில குளிச்சாச்சு."

"வாய மூடிட்டுக் கோப்பைய நீட்டுடா."

பதினோரு கோப்பைகளும் விளிம்புவரை நிறைந்தன. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எனக்கு நீ ஊத்து" என்று கூஜாவை என்னிடம் தந்தான். ஊற்றினேன். ஐனர் அடித்த ஏதோ ஜோக்குக்குச் சிரித்துவிட்டுத் திரும்பினால், பிரேபன் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதிதான் இருந்தது. என் பாழாய்ப்போன கை தானாக நின்றிருக்கிறது.

"கெர்டா, உனக்கு என்ன தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா, பழக்க தோஷம். குடு, நிறைக்கிறேன்."

நாற்பத்து மூன்று வருடமாக அவன் பார்த்த முகம் இது. அதில் பொய் நிற்காது.

"வேணாம்" என்று கோப்பையைத் தூக்கினான். அந்தப் பாதியும் மேசைவிரிப்பில் சிந்தியது.