கண்ணாடிப் பக்கத்து மூச்சு

காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர் ஏரியை நீந்திக் கடக்கப் போகும் செய்தி ஏரியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அலுவலகக் கூட்டங்களில் விற்பனையைப் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில் அவர் தன் தோள்பட்டையைப் பற்றிப் பேசினார். பின்வரிசைக்காரர்கள் அவருக்குத் திமிங்கலம் என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்தபோது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கதை வேறு. மகள் கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் மாவு பிசையப் போயிருந்தாள். அன்று முதல் காலைச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரே பாடம்: "ஆரம்பிச்சத முடிக்கணும்." பாடம் நடக்கும்போது பால்கனியில் அவர் ஆரம்பித்த உடற்பயிற்சி சைக்கிள், மனைவியின் ஈரத்துணிகளைச் சுமந்தபடி சும்மா நின்றிருக்கும். அலமாரிக்கு மேலே மூன்று தந்தி மட்டும் மிஞ்சிய கிட்டார் ஒன்றும் உண்டு.

ஒரு நாள் மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சரிப்பா. நீங்க அக்கரையத் தொடுங்க, நான் மறுபடி காலேஜ்ல சேர்றேன். தொடலேன்னா இந்தப் பேச்சு இந்த மேசைல இனிமே கிடையாது."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் மாற மாட்டேன். நீங்க நீந்துங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் முகம் வெளுத்துத்தான் போயிற்று. பேக்கரியில் ரொட்டி அடுப்பை அவள் பொறுப்பில் விடுவதாக முதலாளியம்மா அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்.

பயிற்சி கிளப் நீச்சல்குளத்தில் நடந்தது. குளத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் காபி குடிப்பவர்கள். போகும்போது கண்ணாடி வலப்பக்கம் வரும். ஆகவே திமிங்கலம் வலப்பக்கம் மட்டுமே மூச்சு வாங்கியது, ஒவ்வொரு மூச்சிலும் யார் பார்க்கிறார்கள் என்று சரிபார்த்துக்கொண்டு. திரும்பும்போது கண்ணாடி இடப்பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போனது. அதனால் மல்லாந்துகொண்டு, மேன்மையான முகத்தோடு மிதந்து வருவார்.

"ரெண்டு பக்கமும் பழகுங்கப்பா. அப்பப்போ தலையத் தூக்கி முன்னாடியும் பாருங்க. ஏரில அடில கோடு போட்டிருக்க மாட்டாங்க," என்றாள் மகள்.

"நீ மாவப் பாரும்மா."

அந்த நாளும் வந்தது. அலுவலக ஆட்கள் பேனரோடு, மனைவி கேமராவோடு, காரில் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். துணைப் படகில் துடுப்புப் போட மச்சான். கழியின் நுனியில் கட்டிய குவளையில் பழச்சாறு நீட்ட மகள். படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது என்பது பொது விதி. படகில் யாரும் வாய் திறக்கக் கூடாது, தன் கவனம் கலையும் என்பது அவரே போட்ட விதி. மச்சான் மேல் நம்பிக்கை இல்லாததால் இரண்டு காதிலும் அடைப்பான் வைத்துக்கொண்டார். செருப்பை இக்கரையில் இருந்த பெஞ்சின் கீழே விட்டுவிட்டு, கேமரா இல்லாத குறை மட்டும் மனதில் இருக்க, தண்ணீரில் இறங்கினார்.

நன்றாகத்தான் நீந்தினார், அதைச் சொல்லியாக வேண்டும். நேராக நீந்தவில்லை, அவ்வளவுதான். கண்ணாடிக்காகவே வளர்ந்த அந்த உடம்பு மெல்ல மெல்ல இடப்பக்கம் வளைந்தது. படகில் நடந்த பேச்சு அவருக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

"மாமா, அப்பா வளைஞ்சு போறார்!"

"வளையல, கோயிலச் சுத்தற மாதிரி சுத்தறார். நீ ஏன் கத்தற? உனக்கு நல்லதுதானே?"

"சும்மா இருங்க மாமா! அப்பா! வலப்பக்கம் போங்கப்பா!"

ஒவ்வொரு மூச்சிலும் அவர் கண்டது இதுதான்: மகள் எழுந்து நின்று, இரண்டு கையையும் வீசி, வாய் கிழியக் கத்துகிறாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பந்தயத்தில் தோற்றாலும் அப்பா ஜெயிக்கட்டும் என்கிறாளே, பெற்ற மனம் குளிராதா? கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மச்சான் துடுப்பைத் தூக்கி வேறு திசையில் நீட்டினான். மரியாதை செய்கிறான் என்று நினைத்து, அவனையும் மன்னித்தார்.

பழச்சாறு நேரத்தில் மகள் கழியை இங்கும் அங்கும் ஆட்டி ஏதோ சொன்னாள். அவர் உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கினார். நீச்சல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதன் வழியே தூரத்தில் வெள்ளையாக ஒரு கட்டடம். அக்கரையில் வெள்ளையாக ஒரு பம்ப் அறை இருப்பது அவருக்குத் தெரியும். பாய்ந்தார்.

கால் சேற்றில் பட்டது. எழுந்து நின்று, இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, பல இரவுகள் ஒத்திகை பார்த்த உரையைத் தொடங்கினார்.

"நண்பர்களே!"

கைதட்டல் இல்லை. அடைப்பானைப் பிடுங்கினார். அப்போதும் இல்லை. நீச்சல் கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளைக் கட்டடத்தில் 'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. பெஞ்சின் கீழே அவருடைய செருப்பு, விட்ட இடத்திலேயே.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த காவலாளி பாதி எழுந்தார்.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?"

படகு கரை தட்டியது. மகள் ஓடிவந்து துண்டைப் போர்த்தினாள். கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது, காற்றுதான் வந்தது. மச்சான் போனை நீட்டினான்.

"அக்கா லைன்ல இருக்கா அத்தான். பேனர் பிடிச்சிருக்கறவங்களுக்குக் கை வலிக்குதாம். இறக்கலாமான்னு கேக்கறா."

"காத்து அதிகம்," என்றார் அவர்.

"ஆமா அத்தான். அந்தக் காத்துலதான் இந்தத் துண்டு இவ்வளவு நேரம் படகுல மடிச்ச மடிப்பு கலையாம கெடந்துது."

மறுநாள் காலை மேசையில் ஒரு ரொட்டி இருந்தது. மகள் விடியுமுன் போய், தன் பொறுப்பில் வந்த அடுப்பில் சுட்டது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் வாய் திறந்தது.

"ஆரம்பிச்சத..."

மனைவி தலை நிமிரவில்லை. கத்தியால் ரொட்டியில் ஒரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். திறந்த வாயை வேறு எதற்கும் பயன்படுத்த வழியில்லாமல் அவர் அதைக் கடித்தார்.

"உப்பு சரியா இருக்கு," என்றார் கடைசியில்.

குரல் இன்னும் திரும்பாத மகள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அந்தத் துண்டைச் சாப்பிட்டு முடித்தார், கருகிய ஓரம் உட்பட.