கைப்பிடி வைத்த காடு

காட்டுக்குள் கைப்பிடிக் கம்பி வைத்த முதல் ஆள் நான்தான். கம்ப்யூட்டர் காடுதான் என்றாலும் வெட்கம் வெட்கம்தான்.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. வாலிபத்தில் அவர் 'உருண்டை' என்று ஒரு வீடியோ கேம் செய்தார். தொப்பி போட்ட குண்டு மனிதன் ஒருவன் சுவர் சுவராகத் தாவிப் போவான். அடுத்தடுத்துப் பல பாகங்கள் வந்து சக்கைப்போடு போட்டன, பிறகு ஊரே அவனை மறந்துவிட்டது. இப்போது நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி அவனை எழுப்பிக் காட்டுக்குள் விடத் தீர்மானித்தது. கிளைக்குக் கிளை தாவல், பள்ளம், முதலை, கடைசியில் துரத்தும் கரடி. மரங்களையும் பள்ளங்களையும் அமைப்பது என் வேலை. உரிமை சித்தப்பாவிடம் இருந்தது. தருகிறேன், ஆனால் உருண்டையின் அசைவு முழுக்க என்னுடையதாக இருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் கண்ணாடி முன்னால் தானே குதித்துப் பார்த்துத்தான் அவனை வரைந்தாராம்.

மீட்டிங் அறையில் மேஜையை ஓரம் தள்ளி மெத்தை போட்டோம். உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு ஒட்டிய இறுக்கமான கறுப்பு உடுப்புக்குள் சித்தப்பாவை நுழைத்தோம். சுற்றியிருக்கும் கேமராக்கள் அந்தப் பொட்டுகளைப் பார்த்து, அவர் அசைகிறபடியே திரையில் உருண்டையை அசைக்கும். சித்தப்பா மூச்சை இழுத்துக்கொண்டு தாவினார். திரையில் உருண்டை ஒரு செங்கல் உயரம் எழும்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மெத்தை சரியில்லை என்றார் சித்தப்பா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏற வேண்டும் என்பார்கள். நான் மரத்தையே தரைக்கு இறக்க வேண்டியிருந்தது. கிளைகளைத் தாழ்த்தினேன். பள்ளங்களைத் தூர்த்தேன். ஏறும் இடமெல்லாம் கைப்பிடி, நடுநடுவே உட்கார பெஞ்சு. அவர் மூச்சு வாங்கி முடிக்கும் வரை முதலை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

முதலாளி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பணம் போடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள், உருப்படியாக ஒரு தாவல்கூட இல்லையென்றால் உருண்டையை மூட்டை கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உயரத்தைக் கம்ப்யூட்டரிலேயே கூட்டிவிடட்டுமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் முகம் வாடிப்போனது.

"வேண்டாம்மா. அப்புறம் அது உருண்டை இல்ல. நானும் இல்ல."

எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள அந்தத் தொப்பிக்காரனை விட்டால் இவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் வரை குதித்தார். செங்கல் செங்கலாகவே இருந்தது. அப்போது கதவு திறந்தது. சித்தி, இடுப்பில் கை வைத்தபடி. மூட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் கண்டித்திருந்தாராம். சித்தப்பாவைப் பூங்காவில் தேடிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்.

"பார்க்குல மெதுவா நடக்கப் போறேன்னு சொன்னீங்க?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

சித்தப்பா தாவினார். மெத்தையைத் தாண்டி, மேஜையையும் தாண்டி, மறுபக்கத்துச் சோபாவில் போய் விழுந்தார். திரையில் உருண்டை என் குட்டை மரங்களுக்கு மேலே பறந்தான்.

சித்தி அவருடைய இரண்டு முழங்கால் மூட்டுகளையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, கிளம்புங்கள் என்று முன்னால் நடந்தார். சித்தப்பா கிளம்பவில்லை.

"கரடிக்கு இன்னும் நடை எடுக்கலல்ல?" என்று என் காதில் கிசுகிசுத்தார். சித்தி லிஃப்டுக்குப் போவதற்குள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறையை ஒரு சுற்று நடந்து காட்டினார்.

காடு முழுக்க உருண்டை கைப்பிடியைப் பிடித்து முனகிக்கொண்டே போகிறான். கரடியைக் கண்டால் மட்டும் பறக்கிறான். பணம் போடுகிறவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். சித்தப்பாவுக்கு அன்று கண் கலங்கியது. எனக்கும்தான்.

கேம் வெளிவந்த அன்று அவர் வீட்டுச் சோபாவில் சித்திதான் முதலில் விளையாடினார். கைப்பிடிகள் ரொம்பப் பிடித்திருந்தன. காடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னைப் பாராட்டினார். கடைசிக் கட்டத்தில் கரடி இடுப்பில் கை வைத்தபடி வந்தது. சித்தி கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"இந்த நடைய எங்கேயோ பாத்திருக்கேனே."

பட்டனை யாரும் அமுக்காததால் உருண்டை நின்ற இடத்திலேயே நின்றான். சித்தப்பா அதற்குள் சோபாவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தார்.