கை படாத மருந்து

"இன்னும் கொஞ்சம் இழு. அடுத்த கோடு வரைக்கும். குமிழி இருக்கா?"

"இருக்கு."

"சிரிஞ்சோட மூக்கு மேல பாக்கற மாதிரிப் பிடிச்சு விரலால தட்டு. ஏறிடும். அப்புறம் மெதுவா தள்ளு."

பெரியவன் ஊசியில்லாத சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தட்டினான். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். துருப்பிடித்த போல்ட்டுக்கு அசராத விரல்கள் இந்தச் சின்ன பிளாஸ்டிக் குழாயை எங்கே பிடிப்பதென்று தேடின.

"கன்னத்து ஓரமா விடு. மொத்தமா விட்டுடாத. அம்மா முழுங்கறாளான்னு பாத்துப் பாத்து விடு."

அவன் தங்கை சின்னவள் இதையெல்லாம் நிலைப்படிக்கு வெளியே நின்றபடி சொன்னாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். மார்ஃபின் பாட்டில் அலமாரிக்கு வெளியே இருக்கும் நேரத்தில் அவள் அம்மாவின் அறைக்குள் வருவதில்லை. அவன் மருந்தைக் கொடுத்து முடித்து, பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் வந்தாள். வந்ததும் நர்ஸாகிவிட்டாள். ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைத்தாள். முதுகுக்குக் கீழே கை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகினாள். வலிக்காமல் அம்மாவைப் புரட்ட வீட்டில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவள். நின்று நின்று இடுப்பு விட்டுப்போன ஒரு நாளில், கொட்டிவிட வேண்டிய மிச்ச வலிமருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டாள். அப்புறம் இடுப்பு வலிக்காத நாட்களிலும் போட்டுக்கொண்டாள். ஊழியர் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தவளைக் கதவை உடைத்துத் தூக்கிய பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. பெரியவன் பிடித்த வக்கீல், எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், லைசென்ஸ் போய்விடும் என்றார். அம்மா பல வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். "டிக்கெட்டைத் தொலைச்சுட்டேன்னு சொல்றவனை நான் நடுவழியில இறக்கி விட்டிருக்கேன். எடுக்கலன்னு சொன்னவனுக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மகளை நர்ஸிங் கவுன்சிலுக்குத் தானே கூட்டிப் போனாள்.

லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். சிகிச்சை முடிந்து திருப்பிக் கொடுத்தபோது நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். போதை தரும் மருந்து எதையும் அவள் தொடக்கூடாது. தினமும் காலையில் ஓர் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வா என்றால் அன்று மாலைக்குள் போய்ப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் மருந்து போட்டுக்கொண்டாள் என்றே அர்த்தம். அம்மாவுக்கு மார்ஃபின் எழுதிய அன்றே அவள் போய் அவர்களிடம் சொல்லிவிட்டாள். சாவி அண்ணனிடம் இருக்கட்டும் என்றார்கள்.

இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னைக்கு எப்படிப் போவ? மூச்சைப் பாரு, விட்டு விட்டு வருது. போன் பண்ணிச் சொல்லிடு."

"என்னன்னு? அம்மா சாகக் கிடக்கறாங்கன்னா?" அவள் அம்மாவின் நாடியைப் பிடித்திருந்தாள். "அங்க எல்லாரும் அதைத்தான் அண்ணா சொல்றாங்க. என்கூட சிகிச்சையில இருந்தவர் ஒருத்தர் ஒரே மாமியாரை மூணு தடவை சாகடிச்சுட்டாரு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "டாக்டர் எழுதிக் கொடுப்பாரே."

"கொடுப்பாரு. அதை அவங்க நம்பணும். அடுத்த மாசம் விசாரணை. நிபந்தனையை எடுக்கலாமான்னு பாக்கப் போறாங்க. இந்த நேரத்துல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்லேருந்துதான்."

"அப்போ அம்மாவை விட உனக்கு லைசென்ஸ்…"

அவன் நிறுத்திக்கொண்டான். அவள் அம்மாவின் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஒண்ணுக்குப் போறதுக்கு என்னடி இவ்வளவு பேச்சு. போயிட்டு வா."

"நான் வர்ற வரைக்கும் இருப்பியாம்மா?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "தெரியல. நீ கிளம்பு."

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "முகம் சுளிச்சா, முனகினா, இன்னொரு தடவை கொடுக்கலாம். அதே அளவு. பயப்படாத" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

மதியம் தாண்டியதும் அம்மா முனக ஆரம்பித்தாள். முனகல் சீக்கிரமே வேறு மாதிரி ஆனது. பெரியவன் தங்கையைக் கூப்பிட்டான். போன் அணைந்திருந்தது. பரிசோதனைக்கு உள்ளே போகிறவர்களிடம் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவனே அலமாரியைத் திறந்தான். குமிழி போகவில்லை. தட்டியதில் மருந்து கொஞ்சம் கையில் வழிந்தது. மறுபடி இழுத்தான். எவ்வளவு சிந்தியது, எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. கன்னத்து ஓரமாக விட்டான்.

அம்மாவின் புருவம் தளர்ந்தது. அவன் அவள் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தான். மூச்சுகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஓர் இடைவெளி முடியவே இல்லை. நின்றுபோன மோட்டார் தானாக மறுபடி பிடிக்கும் என்று பார்த்திருப்பதைப் போலப் பார்த்திருந்தான். பிடிக்கவில்லை.

சின்னவள் வந்தபோது அவன் கூடத்தில் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே அறைப் பக்கம் ஓடினாள். நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

அம்மா எட்டுகிற தூரத்தில் கிடந்தாள். சின்னவளின் கால் உள்ளே போகவில்லை.

"பூட்டலையா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் பார்த்தான். அம்மாவின் தலைமாட்டில் பாட்டில் மூடிகூடப் போடாமல் இருந்தது.

"பூட்டு அண்ணா."

பாட்டிலைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். "நான் அதிகமா கொடுத்துட்டேன் போல. பாதி சிந்திடுச்சு, மறுபடி எடுத்தேன். அதுலதான் போயிட்டாளோ?"

"வெளிச்சத்துல பிடி. காலையில நீ லேபிள் ஓரத்துல பென்சில் கோடு போட்டியே, அதுலேருந்து எவ்வளவு இறங்கியிருக்கு?"

அவன் காது சூடேறியது. ஒவ்வொரு முறை மருந்து கொடுத்த பிறகும் மட்டத்தைக் குறித்து வைப்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

"கொஞ்சம்தான். நகம் அளவு."

"சிந்தினதையும் சேர்த்துத்தானே அது. அதிகம் ஒண்ணும் இல்ல. அவளுக்கு நேரம் வந்துடுச்சு, போயிட்டா. நீ கொடுத்ததுல வலிதான் போச்சு."

"சின்னவளே, அந்தக் கோடு…"

"இருக்கட்டும். யாராவது கேட்டா காட்டலாம். பூட்டு."

பூட்டினான். அவள் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து மூக்கை உறிஞ்சினாள்.

"வா, இடுப்புக்குக் கீழ கை கொடு. துடைச்சு வேற புடவை மாத்திடலாம்."

அவன் தயங்கினான்.

"இனிமே நீ எப்படிப் புரட்டினாலும் வலிக்காது."

இருவருமாக அம்மாவைத் துடைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி மருந்தையும் பெரியவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். யாரோ நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். சின்னவளை எங்கே என்று கேட்டார்கள்.

அவள் பின்பக்கம் குழாயடியில் அம்மாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். பெரியவன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்? எல்லாரும் வந்திருக்காங்க."

"விட்டா கறை பிடிச்சுக்கும். அந்த முனையைப் பிடி."

பிடித்தான். முறுக்கினான்.

"நீயும் அதே பக்கம் திருப்பினா எப்படிப் பிழியும்? அந்தப் பக்கம் திருப்பு."

மாற்றித் திருப்பினான். விரிப்பு கயிறாகத் திரண்டு இறுகியது. தண்ணீர் கொட்டி இருவர் பாதங்களையும் நனைத்தது. உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சொட்டுவது நின்ற பிறகும் அவள் தன் முனையை விடவில்லை. அவனும் விடவில்லை. துணியின் நடுவில் மெல்ல முறுக்கு அவிழத் தொடங்கியது.